நஜ்முதீனுக்கு இரண்டாவது அடக்கம்

டப்ளினில் கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் தாஜ் நிஷாவைத் தெரியும் என்பார்கள். நான் சொல்வது கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளின். அவள் வீட்டிலேயே டேகேர் நடத்துகிறாள். காலையில் சான் ரமோன் ஆபீஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார்கள். "தேங்க்ஸ் ஆன்ட்டி, ஃப்ரீவேல ஒரே டிராஃபிக் ஆன்ட்டி" என்று சொல்லும்போதே பாதி உடம்பு காருக்குள் போயிருக்கும். ஆர்யன் என்று ஒரு பொடியன், ஈரோட்டுக்காரர்கள் வீட்டுப் பிள்ளை, தாஜ் வீட்டில் கேட்டுக் கேட்டு, தன்னைப் பெற்றவளை ஒரு வருஷம் "உம்மா" என்றுதான் கூப்பிட்டான். அவன் அம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளையைக் கொடுப்பார்களே தவிர, ஒரு வேளைச் சோற்றுக்குக் கூப்பிட மாட்டார்கள். பொங்கல் பாட்லக், கல்யாண நாள் டின்னர் என்று வாரத்துக்கு ஒன்று நடக்கிறது. எல்லாம் ஜோடி ஜோடியாக வருகிற கூட்டம். "தாஜைக் கூப்பிட்டா பாவம், லோன்லியா ஃபீல் பண்ணுவாங்க" என்று ஒருத்தி என்னிடமே சொன்னாள். அந்த அக்கறையைக் கொண்டுபோய் குப்பையில் போட. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் கணவர் கதிர் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்து வீட்டுக்காரி நான். நடுவில் ஒரே சுவர். பகலெல்லாம் அந்தச் சுவர் அழுகையும் சிரிப்புமாக அதிரும். ஆறு மணிக்குக் கடைசிப் பிள்ளை போனதும் அடங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளும் மகள் ரிதாவும் மட்டும். ரிதாவுக்குப் பன்னிரண்டு வயசு. காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தன் அறைக்குள் இருப்பாள்.

தாஜின் கணவர் நஜ்முதீன் சான் ரமோனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் வேலை பார்த்தார். செல்போன் டவர் நிறுத்துகிற வேலை. அலாஸ்காவின் மேற்கு ஓரத்தில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் டவர் போட வேண்டும் என்றபோது ஆபீஸில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இவர் கையைத் தூக்கினார். ரோடே இல்லாத ஊர், குட்டி விமானத்தில்தான் போக வேண்டும் என்றதும் இன்னும் சந்தோஷமாகிவிட்டாராம். சரியான கிண்டல் பேர்வழி. அங்கே முழங்கை ஆழம் தோண்டினால் மண் இறுகிப்போய் இரும்பாக இருக்கும். ஆயிரக்கணக்கான வருஷமாக உறைந்தே கிடக்கிற மண் அது. கோடையில் மேலே மட்டும் கொஞ்சம் இளகும். அதனால் வீடுகளைக் கட்டைக் கால்களின் மேல் தூக்கிக் கட்டியிருப்பார்கள். வீட்டுச் சூடு தரையில் பட்டால் அடியில் இருக்கும் ஐஸ் கரைந்து வீடு ஒரு பக்கமாக இறங்கிவிடும். அவருடைய டவரின் கால்களுக்குக்கூடப் பக்கத்தில் குழாய் இறக்கி, மண்ணின் குளிர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. "எல்லா ஊருலயும் மனுசனுக்குக் குளிராமப் பாத்துப்பாங்க. இங்க மண்ணுக்கு வேர்க்காமப் பாத்துக்கணும்" என்று போனில் சொல்லிச் சிரிப்பாராம்.

அக்டோபரில் ஒரு நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. கிரீன் கார்டு கைக்கு வந்த வருஷம் அது. தாஜுக்கு எட்டாம் மாசம். விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொந்த ஊர் கீழக்கரையிலிருந்து பெரியவர்கள் போனில் முடிவு செய்தார்கள். மௌத்தானவரைக் காக்க வைக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு அலையக் கூடாது, இறந்த ஊரிலேயே அடக்கம் செய்துவிட வேண்டும். அது அவர்கள் மார்க்கம். அதில் நான் வாய் வைக்க முடியாது. ஆனால் முடிவு செய்தவர்கள் கீழக்கரையில் இருந்தார்கள், உடம்பு அலாஸ்காவில் இருந்தது, பெண்டாட்டி வீங்கின காலோடு டப்ளினில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை முகத்தைப் பார்க்கணுமா என்று அவளை ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

பக்கத்து டவுனில் டாக்சி ஓட்டும் அல்பேனிய முஸ்லிம்கள் சிலர் விமானம் பிடித்துப் போய் அவரைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றினார்கள். மண் அதற்குள் மேலிருந்தும் உறையத் தொடங்கியிருந்தது. கிராமத்து ஆட்களோடு சேர்ந்து, விறகை எரித்து எரித்து மண்ணை இளக்கித் தோண்டினார்களாம். அவர் நிறுத்திய டவர் அப்போது இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. அதனால் ஒரு வீடியோ, ஒரு போட்டோகூட வரவில்லை. ஊர் ஆபீஸில் இருந்த லேண்ட்லைனில் ஒருவர் கூப்பிட்டு, முடிந்தது என்று மட்டும் சொன்னார். அடுத்த மாசம் ரிதா பிறந்தாள்.

ஊருக்கு வந்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான்கூடச் சொன்னேன்.

"அவுக இந்த நாட்டுலதானே இருக்காக அக்கா. நான் மட்டும் எப்படி விட்டுட்டுப் போறது?" என்றாள்.

டப்ளினிலிருந்து அந்தக் கிராமம் கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் நடுவில் இருப்பதைவிட அதிக தூரம். ஒரு தடவைகூட அவள் போனதில்லை. கைக்குழந்தை, பிறகு டேகேர், பிறகு போய் என்ன செய்வது என்கிற பயம். வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த ஊரில் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் வாசிலி என்கிறவர் மட்டும் கோடைக்கு ஒரு போட்டோ அனுப்புவார். அன்று குழி தோண்டியவர்களில் அவரும் ஒருவர். வெள்ளைப் பஞ்சுப் பூ பூத்த புல், நடுவில் ஒரு மேடு. தாஜ் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

போன ஏப்ரலில் அந்த வாசிலி போன் செய்தார். டேகேர் பிள்ளைகள் தூங்குகிற நேரம். இரவல் வாங்கிய குக்கரைத் திருப்பிக் கொடுக்க நான் போயிருந்தேன். தாஜ் ஸ்பீக்கரில் போட்டாள். அவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். நான் தமிழில் சொல்கிறேன்.

"இங்க குளிர்காலம் முன்ன மாதிரி இல்ல. மண்ணுக்குள்ள இருக்கிற ஐஸ் கரைஞ்சுபோகுது. ஆறு கரையைச் சாப்பிட்டுக்கிட்டே வருது. கல்லறையில முதல் வரிசை போன வருஷமே ஆத்துக்குள்ள போயிடுச்சு. உங்க வீட்டுக்காரர் ரெண்டாவது வரிசை."

"முதல் வரிசைல இருந்தவங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆத்தோட போயிட்டாங்க. எங்க அம்மாவும் அதுலதான் இருந்தாங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் குக்கரைக் கீழே வைத்துவிட்டேன்.

மீதி இருப்பவர்களை ஜூன் மாசம் மேட்டுக்கு மாற்றப் போகிறோம், அங்கே அடியில் பாறை, ஆறு வராது என்றார். தாஜ் வந்தாலும் சரி, வராவிட்டாலும் அவர்களே மரியாதையாகச் செய்துவிடுவார்கள். பிறகு சற்றுத் தயங்கினார்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடணும். நாங்க எடுத்த ஆளுங்க எல்லாம் வெச்சபடியே வர்றாங்க. ஐஸ் ஒருத்தரையும் மாத்தல. ஒரு டீச்சர் அம்மாவை எடுத்தோம். ஜடைல கட்டியிருந்த ரிப்பன் அப்படியே நீலமா இருந்துச்சு."

போனை வைத்ததும் தாஜ் எழுந்து போனாள். தூக்கத்தில் புரண்ட ஒரு பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவுக மொகத்தைப் பாக்கலாம்" என்றாள்.

அவள் கேட்டது அது ஒன்றுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரும் அவளுக்குக் கொடுக்காததை அந்த மண் எடுத்து வைத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் வைத்திருக்கும்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கீழக்கரையிலிருந்து மச்சினர் போன் போட்டு, பெண்கள் கபுருக்கு, கல்லறைக்கு எல்லாம் போவது என்ன பழக்கம் என்றார். இங்கே பள்ளிவாசலில் இமாம் நல்ல மனிதர். ஆற்றில் போகும் ஆபத்து இருப்பதால் மாற்றலாம், பக்கத்திலேயே பாதுகாப்பான இடத்தில் அடக்க வேண்டும், முகத்தைத் திறந்து பார்க்கத் தேவையில்லை என்றார். "தேவையில்லைன்னுதானே சொன்னாக, கூடாதுன்னு சொல்லலையே" என்று தாஜ் என்னிடம் மடக்கினாள். அவள் இப்படி மடக்கிப் பேசி நான் பார்த்ததே இல்லை. டேகேர் ஒரு வாரம் லீவு என்றதும் பெற்றோர்களுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். "லாஸ்ட் மினிட்ல சொன்னா நாங்க எப்படி மேனேஜ் பண்றது ஆன்ட்டி?" என்றாள் க்ரிஷ் என்ற பிள்ளையின் அம்மா. வீட்டுக்காரரை அடக்கம் செய்யப் போகிறேன் என்று தாஜ் சொன்னாள். "அவர் முன்னாடியே இறந்துட்டார்ல?" என்று கேட்டாள் அந்தப் புண்ணியவதி.

ரிதாவிடமும் கேட்டாள், வருகிறாயா என்று. ரிதா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். "எனக்கு அவரைத் தெரியாதே உம்மா. உங்களுக்குத் துணைக்கு வேணும்னா வர்றேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. தாஜ் அவள் தலையைத் தடவிவிட்டு வேண்டாம் என்றாள். ரிதாவைக் கதிர் பார்த்துக்கொள்ளட்டும், நான் உன்னோடு வருகிறேன் என்று நானாகவே சொன்னேன். ஊர்க்காரர்கள் சொன்னதற்கெல்லாம் எதிராக ஏதாவது செய்ய வேண்டும் போல எனக்கு இருந்தது. அதுவும் ஒரு காரணம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் தலைக்குச் சாயம் பூசியிருந்தாள்.

"என்னடி, கல்யாணப் பொண்ணாட்டம்?" என்றேன்.

"போங்கக்கா" என்று வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயசில் அப்படி ஒரு வெட்கம். நான் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை.

ஆங்கரேஜ் போய், அங்கிருந்து ஒரு டவுன், அங்கிருந்து எட்டுப் பேர் உட்காரும் விமானம். மேலிருந்து பார்த்தால் மரமே இல்லை. எங்கு பார்த்தாலும் குளம் குளமாகத் தண்ணீர். உள்ளே ஐஸ் கரைந்து தரை உட்கார்ந்த இடமெல்லாம் குளமாகிவிடுகிறது என்று பைலட் சொன்னார். ஊருக்குள் தரையில் நடக்கவே முடியாது, பலகை நடைபாதைதான். ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்து மறந்துபோன இட்லிமாவு போல மண் இளகிக் கிடந்தது. வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு வீட்டின் அடியில் இரண்டு பேர் படுத்துக்கொண்டு கார் ஜாக்கி வைத்து மூலையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இருந்த இந்த வேலை இப்போது மாசா மாசம் வருகிறதாம். மீனும் மானிறைச்சியும் வைக்க மண்ணுக்குள் தோண்டியிருந்த ஐஸ் அறைகளில் தண்ணீர் நின்றது. ஊரையே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், ஆனால் செத்தவர்கள் முதலில், பிறகுதான் நாங்கள் என்றார் வாசிலி. குள்ளமான, சதா எதையாவது மென்றுகொண்டிருக்கும் மனிதர். எங்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார்.

ஊர்க் கோடியில் டவர் நின்றது. அதுவும் சாய்ந்துதான் இருந்தது. புதுக் கம்பிகள் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். தாஜ் அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். "மச்சான் கட்டுனது" என்றாள். புருஷனை அவள் அப்படித்தான் சொல்வாள். வாசிலி செய்தி சொன்ன போன்கூட அந்த டவர் வழியாகத்தான் எங்களுக்கு வந்தது.

மறுநாள் காலை தோண்டினார்கள். வாசிலியும் இரண்டு ஆட்களும். அன்று குளிப்பாட்டிய டாக்சி டிரைவர்களில் ஒருவர், இப்போது தாடி முழுக்க நரைத்தவர், டவுனிலிருந்து வந்திருந்தார். மேல்மண் சளசளவென்று வந்தது. அதற்குக் கீழே மண்வெட்டி பட்டு எகிறியது. பிறகு மெஷின் வைத்து உடைத்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஆற்றங்கரை அவ்வப்போது ஒரு கட்டியாக உடைந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசிலி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

குறுக்கே அடுக்கியிருந்த பலகைகளை எடுத்ததும் டிரைவர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். ஒரு சிக்கல். கீழக்கரையில் அடக்கம் செய்யும்போது முகத்தில் மட்டும் துணியை விலக்கி, வலது கன்னம் மண்ணில் படும்படி வைப்பார்கள். மனிதன் மண்ணுக்குத் தாழ்ந்து போக வேண்டும் என்பதற்காக. அன்று லேண்ட்லைனில் பெரியவர்கள் இதை விடாமல் சொல்லியிருக்கிறார்கள். இவர்களும் சொன்னபடியே செய்திருக்கிறார்கள். கீழக்கரை மணலில் அது சரி. இங்கே விறகுச் சூட்டில் இளகியிருந்த ஈர மண் ஓரிரு நாளில் திரும்ப உறைந்து அந்தக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வருஷமாக விடவில்லை.

"வெந்நீர் ஊத்தினா விட்டுடும்" என்றார் வாசிலி, தாஜைப் பார்த்து. "கொஞ்சம் நேரமாகும். மொகம் முழுசும் பாக்கலாம்."

"வேணாம்" என்றாள் தாஜ். "மண்ணோடவே எடுங்க. பிக்க வேணாம்."

அடியில் ஒரு பாளமாக மண்ணை வெட்டி, அதோடு சேர்த்து அவரை மேலே தூக்கிப் பலகையில் வைத்தார்கள். ஆண்கள் விலகி நின்றுகொண்டார்கள். தாஜ் போய் மண்டியிட்டாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். பாதி முகம். நிறம் வெளுத்திருந்தது. மீசையில் பொடி ஐஸ். தூங்குகிற ஆள் போலவே இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் முகம் முகமாகவே இருந்தது. எனக்குத் திடுக்கென்றது வேறு விஷயம். முப்பத்திரண்டு வயசுப் பையன் அது. சாயங்காலம் டேகேருக்கு வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போவார்களே, அந்த வயசு.

தாஜ் கையை நீட்டினாள். தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் துணியின் ஓரத்தை இழுத்து அந்த முகத்தை மூடினாள். எழுந்து, "போலாம்" என்றாள்.

மேட்டில் அடக்கம் செய்தார்கள். டிரைவர் துஆ ஓதினார். இறங்கி வரும்போது வாசிலி அவள் பக்கத்தில் நடந்தார். "உங்களுக்காவது கிடைச்சாரு" என்றார். பொறாமை இல்லாமல், மனசாரத்தான் சொன்னார். தாஜ் தலையை ஆட்டினாள்.

விமானத்துக்குக் காத்திருக்க அங்கே கட்டடம் எல்லாம் கிடையாது. ஜல்லி போட்ட ஓடுதளம், ஓரத்தில் ஒரு பெஞ்சு. காற்று அறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நினைத்து வந்த காரியம் முடிந்துவிட்டது, இனி இவளுக்கு நிம்மதி என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லு கண்ணு."

"நான் அவுககூட தெனமும் பேசுவேன். பைத்தியம்லாம் இல்ல. சோறு வடிக்கும்போது, டாய்ஸ் எல்லாம் எடுத்து வைக்கும்போது. மனசுக்குள்ளதான். அவுகளுக்கு முன்முடி கொட்டிருச்சு. ரெண்டு வருசம் முன்னாடி கண்ணாடி போட வச்சேன். சுகர் வந்துருச்சு, டீல சீனியை நிறுத்துனேன். அதுக்கு என் மேல கோவம். ரிதா ஃபோன் கேட்டப்ப வாங்கிக் குடுன்னாக. நான்தான் வேணாம்னு சண்டை போட்டேன்."

நான் சிரிக்கவில்லை.

"அங்க கெடந்த புள்ளைக்கு இது எதுவுமே தெரியாதுக்கா. ரிதா பொறந்ததே தெரியாது. சின்னப் புள்ள. எம் மக வயசுக்கும் என் வயசுக்கும் நடுவுல ஒரு புள்ள." மூக்கை முக்காட்டில் துடைத்துக்கொண்டாள். "காலைலேர்ந்து அவுககிட்ட பேசிப் பாக்குறேன். வர மாட்டேங்குறாக. அந்தச் சின்ன மொகம்தான் வருது. அவுக எங்கக்கா போனாக?"

அவள் முகத்தை என் தோளில் வைத்து அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

விமானம் இறங்கி, பைலட் எங்கள் பைகளை எடுக்க வந்தார். வந்தபோது இருந்தவர் இல்லை, வேறு ஆள், இளைஞர். அழுகிறவளைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார். யாராவது தவறிவிட்டார்களா என்று என்னிடம் கேட்டார். இவளுடைய கணவர் என்றேன். எப்போது என்று கேட்டார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். தாஜ் தலையைத் தூக்கி, "டுடே" என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றி, "சாரி மேடம்" என்றார். நான் அவளைக் கைப்பிடித்து ஏற்றி உட்கார வைத்தேன். பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன்.